கட கட

வண்டியில் சத்தம் வருகிறது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. பிரிசில்லா கேட்டாள். அவள் புருஷன் பிரசன்னா கேட்டான். தெருமுனை டீக்கடைக்காரர்கூட, "யக்கா, நீ திரும்புறப்பவே தெரிஞ்சுடுது, டீ ஊத்தி வெச்சுடறேன்" என்று கிண்டல் பண்ணுகிற அளவுக்கு அது ஊரறிந்த சத்தம். சண்டை முழுக்க அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான்.

ஹெப்பகோடியில் பாத்திரமும் நாற்காலியும் ஷாமியானாவும் வாடகைக்கு விடுகிறவள் பிரிசில்லா. கிரகப்பிரவேசமோ பெயர் வைப்போ, பிரியாணி அண்டாவிலிருந்து பாயசக் கரண்டி வரை தன் பழைய பிக்கப்பில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவாள். வண்டிக்கு வயசாகிவிட்டது உண்மைதான். கதவை ஒருதரம் சாத்தினால் போதாது. ஹாரன் அதற்கு மனசு வந்தால்தான் அடிக்கும். ஆனால் சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், மழையில் நனைந்தாலும் முரண்டு பிடிக்காது. புருஷனைப் பற்றிச் சொல்ல முடியாத நல்ல வார்த்தைகளை அவள் வண்டியைப் பற்றிச் சொல்வாள்.

சத்தம் ஆரம்பித்த வாரம் அவளுக்கு அத்திப்பள்ளியில் பெரிய கல்யாண வேலை. ஜிகணி ரோட்டில் இருக்கும் மஞ்சுநாத்தின் கராஜ் திறப்பதற்கு முன்னாலேயே வண்டியை வாசலில் விட்டு, சாவியைப் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஃபாத்திமாவிடம் கொடுத்துவிட்டு, வாடகை வண்டியில் சாமானோடு போய்விட்டாள். மண்டபத்தில் பேண்ட் செட் காதைப் பிளந்தது. போனில் பேச வழியில்லாமல் மெசேஜ் எழுதிப் போட்டாள்: "தம்பி, முன்னாடி இடது பக்கம் கட கடன்னு சத்தம் வருது. பார்த்து வை." சாயங்காலம் போனால் வண்டி தயார். முன்சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டிருந்தான் மஞ்சுநாத். தெருவைத் தாண்டவில்லை, சத்தம் திரும்ப வந்துவிட்டது. மறுபடி கொண்டுபோய், "அதே சத்தம்பா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். இந்தத் தடவை அவன் ஸ்டியரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் போச்சு" என்று சொல்லிவிட்டான்.

ஸ்டியரிங் பாக்ஸ் போய்விட்டது என்றால், அந்த மாடலைப் பொறுத்தவரை வண்டியே போய்விட்டது என்று அர்த்தம். புது பாக்ஸ் வருவது நின்று வருஷக்கணக்காகிறது. பழைய வண்டியில் கழற்றியதை வாங்கிப் போட எந்த மெக்கானிக்கும் கையெழுத்துப் போட மாட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரசன்னா ஷூவைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னான்.

"நாளைக்கு மத்தியானம் தனக்கோடி வருவான். வண்டியக் குடுத்துடலாம்."

தனக்கோடிக்குப் பெயரில்தான் கோடி. தொழில் குஜரி. பழைய பேப்பரில் ஆரம்பித்து பழைய லாரி வரைக்கும் எடைக்கு எடுத்து உடைக்கிற ஆள்.

"யாரக் கேட்டு வரச் சொன்னீங்க?"

"யாரக் கேக்கணும்? ஆர்.சி. எம்பேர்ல இருக்குது."

இருந்தது. வாங்கிய காலத்தில், கம்பெனிச் சம்பளக்காரர் பெயரில்தான் எழுதுவோம் என்று கடன் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பிரசன்னா பொம்மசந்திராவில் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறான். அவன் பெயர் கடுதாசியில் ஏறியது. அவனுக்கு டிரைவிங் தெரியாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"என் வண்டிங்க அது."

"உன் உயிரு யாருது?" என்றான் அவன். "போன மாசம் வீரசந்திராகிட்ட ஒரு பிக்கப்பு முன்சக்கரம் மடங்கிப் படுத்துக் கெடந்துது, பிரிசி. டிரைவரத் தூக்கிட்டுப் போறாங்க. நான் பஸ்ல இருந்து பாக்கறேன். நீயோன்னு நெனச்சுட்டேன். அன்னிலேர்ந்து இந்தச் சத்தம் கேக்கறப்பல்லாம் அந்த வண்டிதான் கண்ணுல நிக்குது."

பிரிசில்லா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு படி ஏறினான். "எங்க கேன்டீன் கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பாத்திரப் பிரிவுல ஆள் வேணுமாம். கம்பெனி பஸ்ஸு, யூனிஃபார்மு, கேட் பாஸு எல்லாம் குடுத்துடுவாங்க."

"பாத்திரம் கழுவவா?"

"மெஷின்தான் கழுவும். நீ அடுக்கினா போதும்."

"ஏங்க, அவங்க கழுவுற அண்டாவ விடப் பெரிய அண்டாவ நான் வாடகைக்கு விடறவ. எவன் கேட்டுலயோ நின்னு பாஸ் காட்டி, எவன் அண்டாவையோ அடுக்கச் சொல்றீங்களா? அந்தச் சத்தம் பாக்ஸ்ல இருந்து வரல. எங்காதுக்குத் தெரியுது."

"மஞ்சுநாத்து மெக்கானிக்கு. நீ டிரைவரு."

"தெனம் அது மேல உக்கார்றவ நானு, அவனா?"

கடைசியில் பிரசன்னா ஷூவைக் கழற்றிக்கொண்டே ஒரு வழி விட்டான். "சரி. நாளைக்கு தனக்கோடி வர்றதுக்குள்ள, பாக்ஸ் நல்லா இருக்குன்னு மஞ்சுநாத்து அவன் வாயால சொல்லட்டும். நான் விட்டுடறேன்."

"சொல்ல வெக்கிறேன்" என்றாள் பிரிசில்லா.

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக வண்டியைக் காலி பண்ணினாள். அண்டா, சட்டி, ஜல்லிக்கரண்டி, நாற்காலி அடுக்கு, ஷாமியானாக் கம்பி எல்லாம் வாசலில் இறங்கின. "அக்கா, உங்க வண்டில சத்தம் இல்லாட்டிதான் அதிசயம், பின்னாடி ஒரு பேண்ட் செட்டே போகுதே" என்று மஞ்சுநாத் முதல் நாளே சிரித்திருந்தான். அந்தச் சிரிப்புக்கு இன்று இடம் வைக்கக் கூடாது. ஸ்டெப்னியைக் கூட இழுத்துக் கட்டினாள். டேஷ்போர்டில் இருந்த சில்லறை டப்பாவை எடுத்து வீட்டுக்குள் வைத்தாள்.

பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு, நடக்கிற ஆள் முந்திப் போகிற வேகத்தில் உருட்டினாள். பின்னால் ஆட்டோக்காரர்கள் வைதார்கள். ஒருவன் பக்கத்தில் வந்து, "ஏன் மேடம், வண்டிய நடக்கக் கூட்டினு போறியா?" என்றான். "ஆமாம்பா, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். நல்ல தார் ரோட்டில் வண்டி வாயைத் திறக்கவில்லை. வேகம் கூட்டினாலும் இல்லை. ரோடு உடைந்து விளிம்பு இறங்கும் இடத்தில், இடது சக்கரம் விழுந்து எழுந்ததும் வந்தது. காய்ந்த, கெட்டியான தட்டல். இரண்டு தரம் தட்டிவிட்டு அடங்கியது. வளைவில் திரும்பும்போது ஒரு தட்டல். அவ்வளவுதான். கையில் ஸ்டியரிங் உதறவில்லை. காலுக்குக் கீழே, இடது பக்கம், தரைக்குப் பக்கத்தில் கேட்டது.

கராஜில் மஞ்சுநாத் ஒரு ஆட்டோவின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தான். இவளைப் பார்த்ததும் தலையை ஆட்டினான். "அக்கா, ஸும்னே பெட்ரோலக் கொளுத்தாதீங்க. பாக்ஸ் போச்சு. ஆய்த்து, முடிஞ்சுது."

"இது டீசல் வண்டி. அதுகூட மறந்துட்ட. மொதல்ல பேரிங்குன்ன, மாத்தின, சத்தம் போகல. இப்ப பாக்ஸ்ங்கற. அடுத்து என்னாப்பா, டிரைவர மாத்துன்னுவியா?"

"அக்கா, நான் என்ன கனவா கண்டேன்? நீங்க சொன்ன சத்தத்துக்குத்தான் பேரிங். சக்கரத்தோட சேந்து உருள்ற சத்தம்னா எவனா இருந்தாலும் பேரிங்தான் பாப்பான். அது மாத்தியும் உருளுதுன்னா, மேல பாக்ஸ்."

"உருளுதுன்னு எப்ப சொன்னேன்?"

"நீங்கதானே சொன்னீங்க? கட கட கடன்னு." அவன் தொண்டையின் அடியிலிருந்து, மேகம் குமுறுவது போல, அதைச் சொன்னான்.

பிரிசில்லாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. "இன்னொரு தபா சொல்லு."

மறுபடியும் குமுறினான்.

"அப்படி நான் சொல்லவே இல்ல!"

"மெசேஜ் இருக்கு அக்கா. எனக்குத் தமிழ் படிக்க வராது, ஃபாத்திமாம்மாதான் படிச்சாங்க. அம்மா! ஸ்வல்ப பன்னி இல்லி, கொஞ்சம் இங்க வாங்க!"

பக்கத்துக் கடையிலிருந்து ஃபாத்திமா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டே வந்தாள். வாணியம்பாடிக்காரி. அந்த ரோட்டில் தமிழில் எதைப் படிக்க வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். மஞ்சுநாத்தின் போனை வாங்கி, தூரத்தில் பிடித்து, கச்சேரி மாதிரி படித்தாள். அவள் வாயிலும் மேகம்தான் குமுறியது.

பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ ஃபாத்திமா! அது கணேசன் க இல்லம்மா. கல்லு க!"

"என்னாது?"

"கணேசனுக்கு வர்ற க இல்ல. கல்லுக்கு வர்ற க. அப்படிப் படி!"

ஃபாத்திமா உதட்டை அசைத்து ஒருதரம் அப்படியும் ஒருதரம் இப்படியும் சொல்லிப் பார்த்தாள். பிறகு நியாயம் கேட்டாள். "அதெப்படிக்கா எனக்குத் தெரியும்? எழுத்து ஒண்ணுதானே? எங்க ஊர்ல இடி இடிச்சா இப்படித்தான் சொல்வோம்."

"இடி மாதிரி சத்தம் வந்தா நான் வண்டிய விட்டுட்டு ஓடியிருக்க மாட்டேன்?"

பிரிசில்லா விறுவிறுவென்று போய், சுவரோரம் கிடந்த காலி ஆயில் டிரம்மைக் காலால் உருட்டினாள். சிமென்ட் தரையில் அது குமுறிக்கொண்டே போயிற்று. "இது நீ படிச்சது." ஒரு ஸ்பேனரை எடுத்து, கழற்றிப் போட்டிருந்த சக்கர வட்டில் இரண்டு தரம் தட்டினாள். காய்ந்த, கெட்டியான தட்டல். "இது நான் எழுதுனது."

மஞ்சுநாத் டிரம்மைப் பார்த்தான், சக்கர வட்டைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "எங்க கன்னடத்துல இதுக்கு ஒரு எழுத்து, அதுக்கு ஒரு எழுத்து. நீங்க தமிழ்க்காரங்க எழுத்த மிச்சம் பண்றேன்னு ஒரு நல்ல பேரிங்க என் கையால கழட்ட வெச்சுட்டீங்களே!"

"எழுத்து மேல பழி போடாத. எழுதுனத நம்பி எவனாவது பேரிங் கழட்டுவானா? ஓட்டிப் பாத்தியா நீ?"

"பாத்தேன். மெயின் ரோட்டுல. சத்தமே இல்ல."

"தார் ரோட்டுல எப்படி வரும்? பள்ளத்துல விட்டுப் பாத்தியா?"

அவன் பிடரியைச் சொறிந்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "இருக்கட்டும் அக்கா. சத்தம் எந்த எழுத்தா வேணா இருக்கட்டும். ஸ்டியரிங் ஆட்டுனா சும்மா ஆடுது. பாக்ஸ்தான்."

"வாங்குன அன்னிலேர்ந்து அவ்ளோதான் ஆடுது. ஒவ்வொரு ஜாயின்ட்டா கை வெச்சுப் பாரு."

"எனக்கு வேற வேலை இருக்கு. திங்கக்கெழம பாக்கலாம்."

திங்கட்கிழமை பார்க்க வண்டி இருக்காது. பிரிசில்லா திரும்பி ஏறினாள். பிக்கப்பைப் பின்னால் எடுத்து, கராஜ் வாசலுக்குக் குறுக்கே, உள்ளே இருக்கும் எந்த வண்டியும் வெளியே போக முடியாதபடி நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். சாவியைப் புடவை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

"அக்கா, இது என்ன ரவுடித்தனம்?"

"ஆமாம்பா. கே.ஜி.எஃப்ல பொறந்த பொம்பள. போலீஸக் கூப்டு, வந்து பாக்கட்டும். அவங்க வர்றதுக்குள்ள நீ ஜாயின்ட் எல்லாம் பாத்து முடிச்சுடலாம்."

ஃபாத்திமா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "போ மஞ்சு. படுத்துப் பாரு. இல்லாட்டி உன் ஆட்டோக்காரனுக்கு நீதான் பதில் சொல்லணும்."

இந்த நேரம் பார்த்துத்தான் பிரசன்னா வந்து சேர்ந்தான், தனக்கோடியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து. வீட்டு வாசலில் அண்டாக்களைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். தனக்கோடி இறங்கியதும் ஒருவரிடமும் பேசாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பானெட்டை விரலால் தட்டிப் பார்த்தார். தகரத்தின் கனம் பார்க்கிறார். பிரிசில்லாவுக்குத் தன் முதுகில் யாரோ தட்டியது மாதிரி இருந்தது.

"சொல்லிட்டானா?" என்று கேட்டான் பிரசன்னா.

"இன்னும் இல்ல. நல்ல நேரத்துல வந்தீங்க. ஏறி உக்காருங்க."

"எங்க?"

"எஞ்சீட்டுல. அவன் கீழ படுத்து ஜாயின்ட்டுங்களப் புடிச்சுப் பாப்பான். ஸ்டியரிங்க அசைக்க ஒரு ஆள் வேணும்."

"எனக்குத் தெரியாது, பிரிசி."

"விக்கத் தெரியுதுல்ல? அசைக்கவும் தெரியும். ஏறுங்க."

தனக்கோடிக்கு முன்னால் மறுக்க வெட்கப்பட்டு பிரசன்னா ஏறினான். ஸ்டியரிங்கைச் சுடுகிற தோசைக்கல்லைத் தொடுவது போலத் தொட்டான். மஞ்சுநாத் முணுமுணுத்துக்கொண்டே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனான். பிரிசில்லா இடது சக்கரத்தருகே மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "மாவாட்டுற மாதிரி வேணாம் அண்ணா, ரேடியோ திருகுற மாதிரி."

பிரசன்னா திருகினான். மஞ்சுநாத்தின் கை ஒவ்வொரு இணைப்பாகப் போயிற்று. பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் இருந்தான். தட்டல் இல்லை. குறுக்குக் கம்பியின் வலது முனையைப் பிடித்தான். இல்லை. இடது முனை. இல்லை. இன்னொரு தரம் பாக்ஸுக்கே திரும்பி வந்தான். எப்படியாவது அதில் ஒரு தட்டல் இருந்துவிடக் கூடாதா என்று தேடுகிறான் என்பது பிரிசில்லாவுக்குத் தெரிந்தது.

"பாக்ஸ்ல வரல" என்றான் கடைசியில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

"சத்தமா சொல்லு. வண்டிக்குள்ள இருக்கிறவருக்குக் கேக்கல."

"பாக்ஸ் நல்லா இருக்கு, அக்கா!"

"அப்ப சத்தம் எங்க?" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டான் பிரசன்னா. ஒப்பந்தத்தை மறந்துவிட்டான்; இப்போது அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

மஞ்சுநாத் வெளியே வந்து, இடது சக்கரத்தைத் தாங்குகிற கீழ் இரும்புக் கைக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினான். சக்கரம் தரையை விட்டு எழும்பியது. "அண்ணா, பிரேக்க மிதிச்சுப் புடிங்க. பிரேக் புடிச்சும் சக்கரம் ஆடுச்சுன்னா அது பேரிங் கெடையாது." ஒரு நீளக் கம்பியைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, நெம்பினான்.

கட கட.

எல்லோருக்கும் கேட்டது. ஃபாத்திமா, "யா அல்லா, கல்லு க!" என்றாள்.

மஞ்சுநாத் சிரிக்கவில்லை. கம்பியை மறுபடியும் நெம்பி, குனிந்து, விளக்கடித்துப் பார்த்தான். கீழ் பால் ஜாயின்ட். சக்கரமும் கீழ்க் கையும் சேரும் இடத்தில் ஒரு கிண்ணத்துக்குள் இருந்து எந்தப் பக்கமும் திரும்பிக் கொடுக்கிற இரும்புக் குண்டு. மேலே இருந்த ரப்பர் மூடி கிழிந்து, கிரீஸ் போன இடத்தில் துருவும் சேறும் ஏறியிருந்தன. கிண்ணம் தேய்ந்து, குண்டு உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது.

"அக்கா, இத்த வெச்சுக்கினா நீங்க இங்க வரைக்கும் ஓட்டினு வந்தீங்க?" அவன் முகம் வெளுத்திருந்தது. "குண்டு வெளிய வந்துட்டா சக்கரம் அப்படியே மடங்கிடும்."

பிரசன்னா இறங்கி வந்தான். "நான் சொன்னேனா இல்லியா? ஆபத்துன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. ஆபத்துன்னு நீங்க சொன்னது சரி" என்றாள் பிரிசில்லா. புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சத்தம் பாக்ஸ்ல இல்லன்னு நானும் சொன்னேன். ஆனா நீங்க அதுக்கு மேல யாரையும் கேக்கல. ஒருத்தன் பாக்ஸ்னான், ஒடனே குஜரிக்குப் போய்ட்டீங்க."

அவன் குனிந்து, கிழிந்த ரப்பர் மூடியைப் பார்த்தான்.

அந்தக் குண்டு இன்றும் வருகிறது. பின்னால் வந்த மாடலுக்கும் அதே அளவுதான். ஃபாத்திமா கடைக்குள் போய் இரண்டு பெட்டியோடு திரும்பினாள். "ரெண்டு பக்கமும் மாத்திடு மஞ்சு. ஒண்ணு போனா மத்தது ரொம்ப நாள் நிக்காது." மஞ்சுநாத் இரண்டையும் மாற்றினான். பிற்பகலில் சக்கரங்களை இறக்கியதும், அவனே சாவி கேட்டு வாங்கி, இந்தத் தடவை மெயின் ரோட்டுக்குப் போகாமல் பின்புறம் குழாய்க்குத் தோண்டிப் போட்ட சந்துக்குள் விட்டான். போய்த் திரும்பி வந்தான். கண்ணாடி வழியே தலையை நீட்டி, "பேரிங்குக்கு வாங்குன காசத் திருப்பிடறேன் அக்கா" என்று மட்டும் சொன்னான்.

அதுவரைக்கும் தனக்கோடி ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். போகவுமில்லை, கேட்கவுமில்லை. அவர் தொழிலில் பொறுமைதான் முதல். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எல்லா இரும்பும் அவரிடம்தான் வரும் என்று தெரிந்தவர்.

"அப்ப நான் கெளம்பட்டா, பிரசன்னா?" என்றார். "எப்ப வேணும்னாலும் ஒரு போன் போடு. உன் பேர்லதானே இருக்குது, சுலபமா முடிச்சுடலாம்."

பிரிசில்லா டிரைவர் சீட்டில் ஒரு காலை வைத்தவள், இறங்கினாள்.

"ஏங்க. இன்னும் முடியல."

"என்னா இன்னும்?"

"நாளைக்கு இதுல வேற சத்தம் வரும். பழைய வண்டி, வரத்தான் செய்யும். அப்பவும் நீங்க இவருக்குப் போன் போடுவீங்க. ஆர்.சி.ய எம்பேருக்கு மாத்துங்க."

"வீட்ல பேசிக்கலாம் பிரிசி."

"ஆர்.டி.ஓ ஆபீஸ் வீட்லயா இருக்குது? இங்கியே சொல்லுங்க. திங்கக்கெழம வர்றீங்களா?"

"எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்."

"லீவு போடுங்க. வண்டிய விக்கறதுக்கு மட்டும் இன்னிக்கு லீவு கெடச்சுதுல்ல?"

மஞ்சுநாத் துடைத்த ஸ்பேனர்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். ஃபாத்திமா கடைக்குள் போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். பிரசன்னா கையைப் பார்த்துக்கொண்டான். ஸ்டியரிங் பிடித்த கை. நெம்பியபோது பிரேக்கை மிதித்திருந்த காலில் அந்தத் தட்டல் ஏறி வந்ததை அவனும் உணர்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் முகத்தில் பழைய பிடிவாதம் இல்லை.

"சரி. வர்றேன்."

"என்கிட்ட சொல்ல வேணாம். இந்த வண்டி யாருதுன்னு நல்லாத் தெரிஞ்சுக்க வேண்டிய ஆளு அவருதான். அவர்கிட்ட சொல்லுங்க."

பிரசன்னா ஸ்கூட்டர் பக்கம் திரும்பினான். "தனக்கோடி, வண்டி அவளுதுப்பா. இனிமே எதுன்னாலும் அவளத்தான் கேக்கணும்."

தனக்கோடி பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். வியாபாரத்தில் அவருக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. முழு மரியாதையோடு பிரிசில்லா பக்கம் திரும்பினார்.

"சரிம்மா. குடுக்கறீங்களா?"

"மாட்டேன்" என்றாள் பிரிசில்லா.